போட்டவர் போய்விட்டார், சாலை யாருடையது?

கேள்வி: கோவை புறநகரில் மனை வாங்கி வீடு கட்டினோம். மனை விற்றவர் போட்ட தார்ச்சாலை பெயர்ந்துவிட்டது. மாநகராட்சியோ "அது எங்கள் சாலை இல்லை" என்கிறது. வீட்டு வரி ஒழுங்காகக் கட்டுகிறோமே?

பதில்: வரி உங்கள் கட்டடத்துக்கு, அதைக் கட்டுவதால் சாலை மாநகராட்சிக்குப் போய்விடாது, மனை விற்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது பெரிய அநியாயம். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் பெறும் மனைப்பிரிவில், வரைபடத்தில் காட்டிய சாலைகளை உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். ஆகவே முதல் வேலையாக உங்கள் மனைக்கு மட்டும் இல்லாமல், சாலை வரும் சர்வே எண்ணுக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், அதில் தானப்பத்திரம் இருந்தால் நகலை இணைத்து, தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு ஆணையருக்கு மனு கொடுங்கள், கவுன்சிலரையும் விடாதீர்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

தானப்பத்திரமே இல்லையா? அப்போது சாலை நிலம் இன்னும் பழைய உரிமையாளர் பெயரில்தான் இருக்கும், அவரோ வாரிசுகளோ எழுதித் தர வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு என்றால் அதை முறைப்படுத்துவதற்கான 2017 வரன்முறை விதிகளைப் பாருங்கள். 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்கு அவை பொருந்தும். அப்புறம், தெருவில் கூட்டாகப் பணம் போட்டு மறுபடி தார் போடுவதற்கு முன்னால் இந்தக் காகித வேலையை முடித்துவிடுங்கள்.