நஷ்டஈடு குறைவா? அப்பீலுக்கு முன் ஆர்டரைப் படியுங்கள்

தாராவியில் பிளாஸ்டிக் அரைக்கும் பட்டறையில் வேலை. 2022-ல் மெஷினில் வலது கையின் நான்கு விரல்களும் போயின. அப்போது வயது 40, மாதச் சம்பளம் 18,000. தொழிலாளர் நஷ்டஈட்டுக் கமிஷனர் கொடுத்தது 4,42,008 ரூபாய். அப்பீல் போகலாமா?

கண்டிப்பாகப் போங்கள். 'தொகை போதவில்லை' என்று மட்டும் சொன்னால் பம்பாய் ஹைகோர்ட் ஏற்காது. விபத்து நடந்தபோது அமலில் இருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி, முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் அப்பீல். அது உங்கள் ஆர்டரிலேயே இருக்கிறது. தொகையைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், சம்பளத்தை 8,000 என்று எடுத்திருப்பது தெரிகிறது. நஷ்டஈட்டுக் கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பளத்தின் பழைய உச்சவரம்பு அது. 2020 ஜனவரி 3 முதல் 15,000. அதில் 60 சதவீதம் 9,000; 40 வயதுக்கான காரணி 184.17-ஆல் பெருக்கினால் 16,57,530. இது முழு ஊனத்துக்கான தொகை. நான்கு விரல்களுக்குச் சட்டத்தின் அட்டவணைப்படி பாதி, அதாவது 8,28,765. கிட்டத்தட்ட இரட்டிப்பு!

இன்னொன்று. இடது கையை இழந்த தச்சருக்கு, இனி தச்சு வேலையே செய்ய முடியாது என்பதால், சம்பாதிக்கும் திறனில் 100 சதவீத இழப்பு என்றதை 1975-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மெஷினை இனி ஓட்ட முடியாது என்று நீங்களும் டாக்டரும் சாட்சி சொல்லியிருந்து, அதைக் கமிஷனர் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் அதையும் சேருங்கள். அப்போது சொல்லவே இல்லை என்றால், ஹைகோர்ட்டில் புதிதாகச் சொல்வது கடினம்.

வட்டியே போடவில்லை. கேட்கலாமா?

கேட்கலாம். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் முதலாளி கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி உண்டு. தகுந்த காரணமில்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு; அது பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனி தலையில் விழாது, முதலாளிதான் கட்ட வேண்டும்.

முதலாளி அப்பீல் போகிறாராம். பணம் மாட்டிக்கொள்ளுமா?

முழுத் தொகையையும் கமிஷனரிடம் டெபாசிட் செய்து, அதற்கான சான்றிதழையும் வைத்தால்தான் அவர் அப்பீலே போட முடியும். ஹைகோர்ட் நிறுத்தச் சொல்லாதவரை, பணத்தைத் தரும்படி கமிஷனரிடம் மனு கொடுங்கள். தொழிலாளி அப்பீல் போனால் இந்த டெபாசிட் கிடையாது.

ஊருக்குப் போய்விட்டதால் அப்பீலுக்கான 60 நாள் கெடு தாண்டிவிட்டது.

தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டி மன்னிப்பு மனு போடலாம். மருத்துவச் சீட்டு, ரயில் டிக்கெட் எல்லாவற்றையும் இணையுங்கள். வக்கீல் கட்டணம் தடையென்றால் சட்ட உதவி மையத்தில் கேளுங்கள். ஆலைத் தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் அது இலவசம்.

சமாதானமாகப் போகலாம் என்று முதலாளி காகிதத்தை நீட்டுகிறார். கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள். உடன்பாட்டின் பேரில் ஆர்டர் வந்தால் அப்பீல் உரிமையே போய்விடும்.