பேயோவுல்ஃப் காவியத்தில் வரலாறு எவ்வளவு? – கேள்வி பதில்

கேள்வி: பேயோவுல்ஃப் என்ற வீரன் உண்மையில் வாழ்ந்தவனா?

பதில்: அவன் வாழ்ந்ததற்கு இந்தப் பழைய ஆங்கிலக் காவியத்துக்கு வெளியே சான்று இல்லை, ஆனால் அவனுடைய தாய்மாமனாகிய ஹிகேலாக்குக்கு உண்டு. தென் சுவீடனில் வாழ்ந்த கியட்டர்களின் அரசனான ஹிகேலாக், ஃபிரிசியக் கடற்கரையைச் சூறையாடச் சென்று, அங்கே ஃபிராங்க்குகளோடு நடந்த போரில் மடிந்ததைக் காவியம் நான்கு இடங்களில் சொல்கிறது. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிராங்க்குகளின் வரலாற்றை எழுதிய தூர் நகர ஆயர் கிரகோரியும், குளோக்கிலாய்க்கஸ் என்ற பெயரில், அவனை டேனியர்களின் மன்னனாகக் கருதி, இதே நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். கைதிகளையும் கொள்ளைப் பொருளையும் ஏற்றிய கப்பல்கள் நடுக்கடலை அடையும்வரை மன்னன் கரையிலேயே காத்திருந்தான் என்றும், அப்போது ஃபிராங்க்கு மன்னன் தியூடரிக் அனுப்பிய அவன் மகன் தியூடபெர்ட் பெரும்படையுடன் வந்து அவனைக் கொன்றான் என்றும் அவர் எழுதுகிறார். ஆய்வாளர்கள் இதை 520ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வைக்கிறார்கள். அதே போர்க்களத்திலிருந்து பேயோவுல்ஃப் முப்பது பேருடைய போர்க்கவசங்களைச் சுமந்துகொண்டு கடலில் நீந்தித் தப்பினான் என்று கவிஞர் பாடுவதைப் பார்க்கையில், மன்னனின் வீழ்ச்சி நிகழ்ந்தது, மருமகன் பின்னால் கதையில் சேர்க்கப்பட்டவன் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: ஆங்கிலேயரின் பழங்காவியத்தில் கதை முழுவதும் டென்மார்க்கிலும் சுவீடனிலும் நடப்பது ஏன்?

பதில்: அதைக் கேட்டவர்களின் முன்னோர் வடகடலுக்கு அப்பாலிருந்து வந்து பிரிட்டனில் குடியேறியவர்கள். அவர்களுடைய மன்னர்களும் தங்கள் பரம்பரையை அந்தப் பழைய நிலத்து வீரர்களிடமிருந்தே தொடங்கினார்கள். 757 முதல் 796 வரை மெர்சியா என்ற ஆங்கில அரசை ஆண்ட ஒஃபாவின் வம்சாவளியில், காவியம் புகழும் இன்னொரு ஒஃபா, அதாவது அப்படிக் குடியேறியவர்களில் ஒரு இனமான ஆங்கிலரின் பழைய தாயகத்தை ஆண்டதாகச் சொல்லப்படுபவன், மூதாதையாக இடம்பெறுகிறான்.

கேள்வி: சட்டன் ஹூவில் கிடைத்த புதையல் இந்தக் கதையை மெய்ப்பிக்கிறதா?

பதில்: கதையை மெய்ப்பிக்கவில்லை, கதை காட்டும் உலகத்தை மெய்ப்பிக்கிறது. 1939இல் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்திலுள்ள சட்டன் ஹூவில் மண்மேடு ஒன்றைத் தொல்லியலாளர் பேசில் பிரவுன் தோண்டத் தொடங்கியபோது, சுமார் 27 மீட்டர் நீளமுள்ள கப்பலின் தடம் வெளிப்பட்டது. மரம் மட்கிப்போயிருந்தாலும் இரும்பு ஆணிகள் வரிசை கலையாமல் இருந்தன. அதற்குள் கிடைத்த ஃபிராங்க்கியப் பொற்காசுகளைக் கொண்டு, 624ஆம் ஆண்டை ஒட்டி இறந்த கிழக்கு ஆங்கிலிய மன்னன் ரெட்வால்டின் கல்லறையாக அது இருக்கலாம் எனப் பலர் கருதுகிறார்கள். காவியத்தில் வரும் தலைக்கவசங்களில் காட்டுப்பன்றி உருவங்கள் மின்னுகின்றன. சட்டன் ஹூ தலைக்கவசத்தின் புருவங்களும் பன்றித் தலைகளில்தான் முடிகின்றன. காவியத்தின் தொடக்கத்தில் டேனிய மன்னன் ஷில்டின் உடல் செல்வங்களோடு கப்பலில் ஏற்றப்படுகிறது, ஆனால் அந்தக் கப்பல் கடலில் விடப்படுகிறது. சட்டன் ஹூவிலோ மண்ணுக்குள் இறக்கப்பட்டது. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிக்காமல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

கேள்வி: 'விட்சித்' என்ற பழைய ஆங்கிலப் பாடலில் வரும் பாணன் தான் கண்டதாகச் சொல்லும் மன்னர்களை நம்பலாமா?

பதில்: மன்னர்களில் பலரை நம்பலாம், பாணனை நம்ப முடியாது. 370களில் இறந்த கோத் மன்னன் எர்மனரிக்கையும், 572இல் கொல்லப்பட்ட லொம்பார்டு மன்னன் அல்போயினையும் ஒரே மனிதன் நேரில் கண்டிருக்க இயலாது. இரு நூற்றாண்டுகளின் வீரர்கள் ஒரே தலைமுறையினராக நினைவில் ஒடுங்கிவிட்டதை இது காட்டுகிறது.

கேள்வி: கிறித்தவத் துறவிகள் இத்தகைய கதைகளை எதிர்க்கவில்லையா?

பதில்: ஆங்கிலேயத் திருச்சபை அறிஞர் அல்குவின் எதிர்த்தார். இங்கெல்டுக்கும் கிறிஸ்துவுக்கும் என்ன தொடர்பு என்று அவர் 797இல் ஒரு கடிதத்தில் கேட்டார். அந்த இங்கெல்டு பழைய வீரக்கதைகளின் நாயகன், பேயோவுல்ஃப் காவியத்திலும் வருபவன். விலக்க வேண்டிய அளவுக்குத் திருச்சபையினரே இக்கதைகளை விரும்பிக் கேட்டார்கள் என்பதற்கு அந்தக் கண்டனமே சான்று.

கேள்வி: நடந்த போரை உடனடியாகப் பாடிய வீரப்பாடல் ஏதேனும் உண்டா?

பதில்: மால்டன் போர்ப்பாடலைச் சொல்லலாம். 991 ஆகஸ்டில் எசெக்ஸ் கடற்கரையில் வைக்கிங்குகளை எதிர்த்த பிர்ட்நாத் பிரபு, நீர் வடிந்ததும் வெளிப்படும் குறுகிய பாதையில் அவர்களைத் தடுத்து நிறுத்தியிருந்தும், பெருமிதத்தால் அதைக் கடந்துவர இடம் கொடுத்துத் தானும் வீழ்ந்தார் என்று பாடல் சொல்கிறது. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்போ இந்த வாய்ப்பளிப்பைப் பற்றிப் பேசாமல், பிர்ட்நாத் கொல்லப்பட்டதையும், அதே ஆண்டில் வைக்கிங்குகளுக்கு 10,000 பவுண்டு கப்பம் கட்டப்பட்டதையும் பதிகிறது. பாடலின் கையெழுத்துப்படி 1731 தீவிபத்தில் அழிந்தது. முன்பே எடுத்து வைத்திருந்த ஒரு நகலின் வழியாக, தலையும் வாலும் இல்லாத 325 வரிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அதே தீயில் பேயோவுல்ஃப் சுவடியின் ஓரங்களும் கருகின.