மூன்று கவுன்டர், ஒரே எஸ்க்யூலைட் கோப்பு: எதற்கு மாறுவது?

மூன்று பில்லிங் கணினிகளும் விண்டோஸ் பகிர்வுக் கோப்புறையில் உள்ள ஒரே எஸ்க்யூலைட் (தரவு முழுவதையும் ஒரே கோப்பில் வைக்கும் தரவுத்தளம்) கோப்பைத் திறக்கின்றன, அடிக்கடி 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' வருகிறது, சர்வரில் ஓடும் தரவுத்தளங்களான மைஎஸ்க்யூஎல்லா போஸ்ட்கிரெஸ்ஸா, எதற்கு மாறுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் வேலையாக எல்லாக் கணினியிலும் மென்பொருளை மூடிவிட்டுக் கோப்பை நகலெடுங்கள். நெட்வொர்க் பகிர்வில் கோப்புப் பூட்டை (ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் தடுப்பது) நம்ப முடியாது. பூட்டு தவறினால் கோப்பே சிதையும். 'வால்' முறைக்கு (மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதுவது) மாற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள்: அதற்கு எல்லா இணைப்புகளும் ஒரே கணினியில் இருக்க வேண்டும்.

என் தேர்வு போஸ்ட்கிரெஸ். மூன்று கவுன்டருக்கு வேகம் ஒரு பொருட்டே அல்ல, மைஎஸ்க்யூஎல்லின் கிளையான மரியாடிபியும் தாங்கும். ஆனால் அட்டவணை அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட் பாதியில் தோற்றால், 'நடந்தால் முழுதும், இல்லையேல் எதுவுமில்லை' என்ற ஒரே டிரான்சாக்‌ஷனில் ஓட்டியிருந்தால் போஸ்ட்கிரெஸ் முழுவதையும் திருப்பிவிடும். மைஎஸ்க்யூஎல், மரியாடிபியில் அதுவரை செய்த மாற்றம் தங்கிவிடும்.

மாற்றும்போது இரண்டு இடத்தில் இடறும். எஸ்க்யூலைட் தரவின் வகையை (எண்ணா, எழுத்தா) கறாராகப் பார்க்காது. விலைப் பத்தியில் '1,250' எழுத்தாகவே கிடக்கலாம். மதிப்பின் வகையைச் சொல்லும் 'டைப்ஆஃப்' கொண்டு தேடித் திருத்திவிட்டு, தொகைக்கு நியூமெரிக் (12,2), அதாவது மொத்தம் 12 இலக்கம், அதில் 2 தசமம், வையுங்கள், தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் வேண்டாம். பழைய பில் எண்களோடு தரவை ஏற்றியபின், அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ் 1-லேயே நிற்கும். 'செட்வேல்' மூலம் கடைசி எண்ணுக்கு நகர்த்தாவிட்டால் முதல் புதுப் பில்லே 'டூப்ளிகேட் கீ' (அந்த எண் ஏற்கெனவே உள்ளது) என்று விழும்.

மற்ற கவுன்டர்கள் இணையாவிட்டால் போஸ்ட்கிரெஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் 5432 போர்ட்டை ஃபயர்வாலில் திறந்தீர்களா என்று பாருங்கள்.