18 வயதுக்கு அப்புறம் என்ன? டாலஸில் இருந்து ஒரு அம்மாவின் பதில்

தம்பி, இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற பெற்றோருக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹெச்-1பி விசாவில் டாலஸுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. மகளுக்கு 15 வயது, டவுன் சிண்ட்ரோம். பள்ளியில் இருந்து 'டிரான்சிஷன் பிளானிங்' என்று ஒரு மீட்டிங்குக்குக் கடிதம் வந்திருக்கிறது. அதில் மகளையும் அழைத்திருக்கிறார்கள். "18 வயதோடு பள்ளி முடிந்துவிடுமா? அப்புறம் அவளுக்கு என்ன வழி? இப்போதே ஊருக்குத் திரும்பிவிடுவது நல்லதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் மகனுக்கு இப்போது 24 வயது. ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடும் உண்டு. உங்களுக்கு வந்த அதே கடிதம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அதைப் படித்துவிட்டு அன்று இரவு நானும் அவன் அப்பாவும் தூங்கவில்லை. அதனால் உங்கள் பயம் எனக்குத் தெரியும்.

18 வயதோடு முடியாது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளின் படிப்புக்காக 1975-இல் இங்கே வந்த சட்டம்தான் இன்று 'ஐடியா' என்ற பெயரில் இருக்கிறது. பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான திட்டம், அதாவது டிரான்சிஷன் பிளான், பிள்ளையின் ஐஇபி-யில் (ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளி எழுதும் தனிக் கல்வித் திட்டம்) 16 வயதுக்குள் இருந்தே ஆக வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான விதி. டாலஸ் இருக்கும் டெக்ஸாஸ் மாநிலத்தில் 14 வயதிலேயே தொடங்கிவிட வேண்டும். மேல்படிப்பு அல்லது பயிற்சி, வேலை, தேவைப்பட்டால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் திறன் என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கு எழுதுவார்கள். பள்ளிச் சேவைகள் 21 வயது வரை உண்டு. செப்டம்பர் 1 அன்று 21 வயதாக இருந்தால் அந்தக் கல்வியாண்டு முழுவதும் கிடைக்கும். உங்கள் விசாவைக் காரணம் காட்டி இதை மறுக்க முடியாது.

ஆனால் இதில் ஒரு இடத்தில் நாங்கள் ஏமாற இருந்தோம். மகன் 12-ஆம் வகுப்பு முடிக்கும்போது, "எல்லா கிரெடிட்டும் முடிந்துவிட்டது, ஜூனில் டிப்ளமோ வாங்கிக்கொள்ளலாம்" என்றார்கள். இங்கே டிப்ளமோ என்றால் பள்ளிப் படிப்பு முடித்த சான்றிதழ். எங்களுக்கு ஒரே சந்தோஷம். கவுன் ஆர்டர் செய்து, ஊரில் எல்லோருக்கும் போனில் சொல்லிவிட்டோம். மீட்டிங்குக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு ஆசிரியை என்னை வராந்தாவில் நிறுத்தி, "கையெழுத்து போடுவதற்கு முன்னால் யோசியுங்கள்" என்றார். வழக்கமான டிப்ளமோவை வாங்கிவிட்டால் பள்ளி தர வேண்டிய எல்லாச் சேவையும் அத்தோடு நின்றுவிடும். 21 வரை இருக்கும் உரிமையும் போய்விடும். ஆனால் விழாவில் மேடை ஏறுவது வேறு, டிப்ளமோ வாங்குவது வேறு. நான்கு வருடம் ஹைஸ்கூல் முடித்த பிள்ளை, வகுப்புத் தோழர்களோடு மேடை ஏறி வருகைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, மறுபடி பள்ளிச் சேவைக்கு வரலாம். டெக்ஸாஸ் சட்டமே அதற்கு இடம் தருகிறது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். அதனால் கிடைத்த மூன்று வருடம்தான் அவன் வாழ்க்கையை மாற்றியது.

அந்த மூன்று வருடத்துக்கு இங்கே '18 பிளஸ்' என்று பெயர். வகுப்பில் உட்கார்வது குறைவு, வெளியே போவதுதான் அதிகம். துணி துவைப்பது, கடையில் மீதிச் சில்லறை சரிபார்ப்பது, வேலையிடத்தில் உதவி கேட்பது, பஸ் பிடிப்பது எல்லாம் பாடம். பஸ் பயிற்சி மட்டும் நான்கு மாதம் நடந்தது. முதலில் ஆசிரியர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார், அப்புறம் மூன்று சீட் தள்ளி, அப்புறம் அவன் இறங்கும் நிறுத்தத்தில் காத்து நின்றார். அவன் முதல் முறை தனியாகப் போன நாளில் நான் காரில் அந்த டார்ட் பஸ்ஸின் பின்னாலேயே போனேன். அவனுடைய நிறுத்தத்துக்கு முந்தைய சிக்னலில், ஜன்னலோரம் அவன் கை உயர்ந்து மணிக் கயிற்றை இழுப்பது தெரிந்தது. இறங்கினான், பையைச் சரிசெய்துகொண்டான், திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தான். காரை ஓரங்கட்டி நான் அழுதேன்.

இப்போது உங்கள் மீட்டிங். டெக்ஸாஸில் இதை 'ஆர்ட்' என்பார்கள். மற்ற மாநிலங்களில் ஐஇபி மீட்டிங். டிரான்சிஷன் பற்றிப் பேசினால் பிள்ளையை அழைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். தயவுசெய்து மகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அதைவிட முக்கியம், அவளிடம் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். நான் செய்த தவறு அது. "பள்ளி முடிந்ததும் என்ன செய்யப் பிடிக்கும்?" என்று என் மகனைக் கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். ஆசிரியை மெல்லக் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். ஒரு நிமிடத்துக்கும் மேல் அறையில் யாரும் பேசவில்லை. எனக்கு மூச்சு முட்டியது. அப்புறம் அவன், "டவல் மடிக்க வேண்டாம். புத்தகம் அடுக்கணும்" என்றான். அதுவரை ஹோட்டல் சலவைப் பிரிவில்தான் அவனுக்குப் பயிற்சி என்று நாங்களே முடிவு செய்து வைத்திருந்தோம். இன்று ஒரு நூலகத்தில் வாரம் மூன்று நாள் புத்தகம் அடுக்குகிறான், சம்பளத்தோடு. முதலில் ஒரு ஜாப் கோச் கூடவே இருந்தார். அவன் வேலையைப் பிடித்துக்கொள்ளப் பிடித்துக்கொள்ள, வருவதைக் குறைத்துக்கொண்டார்.

மீட்டிங்கில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் முன்கூட்டியே கேளுங்கள், உரிமை உண்டு. உங்கள் வீட்டில் தமிழில்தான் நன்றாகப் பேசுவார்கள் என்றால் கண்டிப்பாகக் கேளுங்கள். பிள்ளைக்கு எது பிடிக்கும், எதற்கு எரிச்சல் வரும் என்பது அம்மாவுக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும். அது ஆங்கிலம் வராத காரணத்தால் சொல்லப்படாமல் போகக் கூடாது.

கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் விஷயம் வேறு. ஐஇபி கல்லூரிக்குக் கூட வராது. மாணவரே ஊனமுற்றோர் சேவை அலுவலகத்துக்குப் போய்த் தன் தேவையைச் சொல்லிக் கேட்க வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே தனிப் படிப்புகளும் சில பல்கலைக்கழகங்களில் உண்டு. டெக்ஸாஸ் ஏ அண்ட் எம்-இல் 'ஆகி அச்சீவ்' என்று நான்கு வருடப் படிப்பு இருக்கிறது. மகளுக்கு ஆர்வம் இருந்தால் அதைப் பற்றி விசாரித்து வையுங்கள்.

பள்ளிக்குள் இருக்கும் வரை எல்லாமே உரிமை. பிள்ளைக்குத் தேவையான சேவையைக் கொடுத்தே ஆக வேண்டும். வெளியே வந்துவிட்டால் முதலில் தகுதி பார்ப்பார்கள், தகுதி இருந்தாலும் வரிசையில் நிற்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் நம்மவர்கள் பலர் 18 ஆகட்டும் என்று காத்திருக்கிறார்கள். டெக்ஸாஸில் 'ஹெச்சிஎஸ்' என்ற மெடிகெய்டு (அரசு மருத்துவ உதவி) திட்டம் பராமரிப்பு, தங்குமிடம், பகல்நேரச் சேவைகள் எல்லாவற்றுக்கும் உதவும். அதற்கான வரிசை பத்து வருடத்தையும் தாண்டுகிறது. என் மகன் பெயரை 9 வயதில் எழுதினோம். இன்னும் முறை வரவில்லை. பெயர் எழுதும்போது தகுதி பார்ப்பதில்லை, முறை வரும்போதுதான் பார்ப்பார்கள். ஆகவே கிரீன் கார்டு வரட்டும் என்று இருக்காமல், உங்கள் கவுண்டியின் அறிவுசார் குறைபாட்டுச் சேவை அலுவலகத்தை இந்த மாதமே கூப்பிட்டுப் பேசுங்கள். வீடு மாறினாலும் போன் நம்பர் மாறினாலும் அவர்களிடம் சொல்ல மறக்கக் கூடாது.

அடுத்தது வேலைப் பயிற்சி. டெக்ஸாஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனின் தொழில் மறுவாழ்வுப் பிரிவு, படிக்கும்போதே வேலை அனுபவம், நேர்முகத் தேர்வுக்குப் பழக்குவது, தனக்காகப் பேசக் கற்றுக்கொடுப்பது போன்றவற்றைச் செய்கிறது. அதன் ஆலோசகரை ஆர்ட் மீட்டிங்குக்கு அழைக்கச் சொல்லி நீங்களே கேட்கலாம்.

இங்கேதான் உங்கள் விசா குறுக்கே வருகிறது. என் மகன் இங்கே பிறந்தவன், அந்தச் சிக்கல் எங்களுக்கு இல்லை. உங்கள் மகள் ஹெச்-4, அதாவது உங்களைச் சார்ந்து வந்தவருக்கான விசா. அதில் அவள் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. 21 ஆனதும் அந்த விசாவே போய்விடும். குறைபாடு இருக்கிறது என்பதற்காக அதில் விலக்கு இல்லை. இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசையோ மிக நீளம். உங்களிடம் ஆறு வருடம் இருக்கிறது. கம்பெனியிடம் கிரீன் கார்டு விண்ணப்பத்தை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். மகளின் வயதை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று நல்ல குடியேற்ற வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசுங்கள். இதை மட்டும் அடுத்த வருடத்துக்குத் தள்ளாதீர்கள்.

18 ஆனதும் சட்டப்படி அவள் பெரியவள். பள்ளியில் முடிவெடுக்கும் உரிமை அவளுக்கு மாறிவிடும். உடனே எல்லோரும் "கோர்ட்டுக்குப் போய் கார்டியன்ஷிப் வாங்குங்கள்" என்பார்கள். பிள்ளைக்காக முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கோர்ட் நமக்குத் தருவது அது. சில பிள்ளைகளுக்கு அது தேவைதான். ஆனால் அது பிள்ளையின் பல உரிமைகளை எடுத்துவிடும். டெக்ஸாஸில் 2015 முதல் இன்னொரு வழி இருக்கிறது. கோர்ட் இல்லாமல், பிள்ளை தானே முடிவெடுக்க, நாம் புரியவைத்து உதவுவதாக எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் அது. நாங்கள் அதைத்தான் எடுத்தோம். டாக்டரிடம் போனால் மகன் முதலில் பேசுவான், அப்புறம்தான் நான்.

பண விஷயம் உங்களுக்கு இப்போது பொருந்தாது, ஆனாலும் தெரிந்திருக்கட்டும். குடியுரிமை இருந்தால் 18-க்கு அப்புறம் பெற்றோர் வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல் எஸ்எஸ்ஐ என்ற அரசு உதவி மாதப் பணமாகக் கிடைக்கும். அதற்குப் பிள்ளையின் பெயரில் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருக்கக் கூடாது. தாத்தா ஆசையாகப் போட்டு வைத்த பணம் என் மகன் பெயரில் இருந்ததால் எங்கள் விண்ணப்பம் சிக்கிக்கொண்டது. குறைபாடு உள்ளவர்களுக்கான 'ஏபிள்' என்ற சேமிப்புக் கணக்கில் போட்டால் 1,00,000 டாலர் வரை எஸ்எஸ்ஐ-க்குக் கணக்கில் சேராது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஊருக்குத் திரும்புவதா என்று நான் சொல்ல முடியாது. வயதான பெற்றோர், அண்ணன் தம்பி என்று தாங்க ஆள் இருந்தால் அதுவும் நல்ல முடிவுதான். பயத்தில் மட்டும் அந்த முடிவை எடுக்க வேண்டாம். எப்படியானாலும் மகளின் யுடிஐடி அட்டையை (இந்திய அரசு தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) பத்திரமாக வைத்திருங்கள், காலாவதியாக விடாதீர்கள்.

மீட்டிங்குக்கு முன்னால் ஒரு வாரம், மகள் தானாக எதை எடுத்துச் செய்கிறாள், எதில் நேரம் போவது தெரியாமல் இருக்கிறாள் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். அவளுக்குப் பிடித்ததை அவள் வாயால் சொல்ல, வீட்டில் இரண்டு மூன்று முறை பழக்குங்கள். வார்த்தை வராவிட்டால் படத்தைக் காட்டினாலும் போதும். மீட்டிங் முடிந்ததும் எழுதுங்கள் தம்பி, அவள் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பேன்.