எண்டெவர்: ஆறு முதலா, கப்பல் முதலா?

ஆஸ்திரேலியாவில் எண்டெவர் ஆறு இருக்கிறது, பிரிட்டிஷ் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பலும் எண்டெவர். எதன் பெயர் முதல் என்று கேட்டிருக்கிறீர்கள். கப்பல்தான்.

1770 ஜூன் 11 இரவு, குயின்ஸ்லாந்துக் கரையோரப் பவளப்பாறையில் அது தட்டி நின்றது. ஆறு பீரங்கிகள் உட்பட 40, 50 டன் சுமையைக் கடலில் தள்ளிய பிறகுதான் மிதந்தது. ஓட்டையை அடைத்த விதம்தான் அழகு: ஒரு கப்பல்பாயில் கயிற்றுநார், கம்பளி, சாணம் எல்லாம் அப்பி, கப்பலுக்கு அடியில் இழுத்துவிட்டார்கள், உள்ளே பாயும் தண்ணீரே அதை ஓட்டையோடு இறுக்கிவிட்டது. உடைந்த பவளத்துண்டு ஒன்று ஓட்டையிலேயே செருகி நின்றது வெறும் அதிர்ஷ்டம். நிலக்கரி ஏற்றக் கட்டிய தட்டையடிக் கப்பல் என்பதால் ஆற்றங்கரையில் ஏற்றிப் பழுதுபார்க்க முடிந்தது. அந்த ஆற்றுக்குத்தான் கப்பலின் பெயர், பாறைக்கும் அதே.

நேர்மாறும் உண்டு: 1864-இல் கட்டிய 'சிட்டி ஆஃப் அடிலெய்டு' ஊர்ப்பெயரை வாங்கிய கப்பல். 2014-இல் அந்த ஊர்த் துறைமுகத்துக்கே திரும்பிவிட்டது.