சாவு வாசல் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். வாடகைக்கு ஒரு வீடு பார்த்தேன். உடன் வேலை செய்யும் சீனப் பெரியவர் ‘சீமென் துன்ஜியா’ என்ற சீன ஜோசியத்தில், நேரத்தையும் திசையையும் வைத்துக் கட்டம் போட்டுப் பார்த்து, வீடு இருக்கும் தென்மேற்கில் சாவு வாசல் விழுந்திருக்கிறது என்றார். அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பெயரைக் கேட்டுக் கலங்காதீர்கள். திசைக்கு ஒன்றாக எட்டு, நடுவில் ஒன்று என அதில் ஒன்பது கட்டங்கள்; அவற்றில் எட்டு வாசல்கள். நடுக்கட்டத்துக்கு வாசல் கிடையாது. சாவு வாசலின் சொந்த இடமே தென்மேற்குதான். ஆனால் வாசல்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. பரவலாகப் புழங்கும் முறையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டம் மாறும். காலையில் சாவு வாசல் இருந்த திசைக்குச் சாயங்காலம் வேறொரு வாசல் வந்திருக்கலாம்.

திறப்பு, ஓய்வு, உயிர் மூன்றும் நல்லவை. காயம், திடுக்கிடல், சாவு கெட்டவை. அடைப்பும் காட்சியும் நடுத்தரம். இது பொதுக்கணக்கு. ஆனால் இதற்கென்று இருக்கும் பழைய மனப்பாடப் பாட்டு, நீ எந்தக் காரியமாகப் போகிறாய் என்றுதான் பார்க்கிறது. பணம் தேடினால் உயிர் வாசல், பெரிய மனிதரைப் பார்க்க ஓய்வு வாசல், ஒளிந்துகொள்ள அடைப்பு வாசல், ஆளைப் பிடிக்கக் காய வாசல். பிணத்தை அடக்கம் செய்யவும் வேட்டைக்கும் சாவு வாசல்தான் பலம்! எட்டில் ஒன்றைக்கூட வீண் என்று தள்ளவில்லை. இந்தக் கலையில் என் மனதைத் தொட்ட இடம் இது.

இன்னொன்றும் உண்டு. ‘மூன்று ராஜ்யங்களின் கதை’ என்ற பழைய சீன நாவலில், போர்த் தந்திரத்தில் பெயர்போன ஜூகே லியாங் ஆற்றங்கரையில் கற்களை எட்டு வாசல் கணக்கில் அடுக்கி வைத்திருப்பார். எதிரித் தளபதி லூ ஷுன் உள்ளே நுழைந்ததும் காற்றும் மணலும் சுழன்றடிக்கும். வெளியே வர வழி தெரியாது. அப்போது ஒரு கிழவர் கைத்தடியோடு வந்து, மெல்ல நடந்து அவரை வெளியே கூட்டிப்போவார். அவர் ஜூகே லியாங்கின் மாமனார். இங்கே எதிரித் தளபதி எவனாவது மாட்டினால் வழிகாட்டாதீர்கள் என்று மருமகன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். “நீங்கள் சாவு வாசல் வழியாக நுழைந்ததைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை, உயிர் வாசல் வழியாக அழைத்து வந்தேன்” என்பார் கிழவர். அந்தக் கற்கள் நாளுக்கு நாள், நேரத்துக்கு நேரம் மாறுமென்றும் சொல்வார்.

கட்டம் பார்த்து வீடு எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பெரியவர் உங்கள் மேல் அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எந்த நேரத்துக்கு, என்ன கேள்விக்குப் போட்ட கட்டம் என்று கேளுங்கள். அப்புறம் வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து அட்வான்ஸ் கொடுங்கள்.

அன்புடன்