முதலில் யாரிடம் சொன்னீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினோரு பேர் கொண்ட மென்பொருள் குழுவை வீட்டிலிருந்தபடியே நடத்துகிறேன். ஐந்து பேர் பெங்களூர், நான்கு பேர் பெர்லின், இரண்டு பேர் கலிபோர்னியா. இதுவரை ஒரு மனத்தாங்கல் வந்ததில்லை. அப்பா 1966இல் பிறந்தவர். வருகிற ஆவணியில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். ஆபீஸ் ஒழுங்கிலேயே செய்யலாம் என்று உறவினர் 23 பேரை வைத்து வாட்ஸப் குரூப் தொடங்கினேன். எந்தத் தேதி, திருக்கடையூரா உள்ளூர் மண்டபமா என்று வாக்கெடுப்பு வைத்து ‘வெள்ளிக்கிழமைக்குள் வாக்களிக்கவும்’ என்று போட்டேன். செலவை ஒரு ஷீட்டில் பிரித்து எல்லோருக்கும் பகிர்ந்தேன். மறுநாள் பெரியப்பா குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டார். தாய்மாமா பதிலே போடவில்லை. கலிபோர்னியாவில் இருக்கும் அக்கா, ‘நீயே எல்லாம் முடிவு பண்ணிட்டியே’ என்கிறாள். எதையும் மறைக்காமல் செய்தது தப்பா?

– பெயர் வேண்டாம், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்வது நியாயம். பெங்களூருக்குத் தெரிந்தது பெர்லினுக்கு இரண்டு நாள் கழித்துத் தெரிந்தால்தான் அங்கே முணுமுணுப்பு வரும். குடும்பத்தில் கணக்கு வேறு. தம்பியின் அறுபதாம் கல்யாணத்தைப் பெரியப்பா 23 பேரில் ஒருவராகப் போனில் படித்துத் தெரிந்துகொண்டார். திருக்கடையூர் அவருக்குப் பிடிக்காமல் இருக்காது. கல்லூரி படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்த அதே நிமிடத்தில்தான் தனக்கும் தெரிந்தது என்பது அவருக்கு உறைத்திருக்கும். போதாததற்கு ‘வாக்களிக்கவும்’ என்பது தேர்தல் ஆணையம் பேசுகிற பாஷை.

குரூப் தொடங்கும் முன் நான்கைந்து போன்கள் போயிருக்க வேண்டும்: பெரியப்பா, அத்தை, தாய்மாமா, அக்கா. ஆளுக்குப் பத்து நிமிடம். ‘இப்படி நினைச்சிருக்கோம், நீங்க என்ன சொல்றீங்க?’ என்று கேட்டு, ஒரு விஷயத்தையாவது நிஜமாகவே அவர்கள் முடிவுக்கு விட வேண்டும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு யோசனை கேட்பவர்கள் உண்டு. அதற்குக் கேட்காமலே இருக்கலாம். ரசீதில் தேதி இருக்கிறது, எப்படியும் வெளியே வந்துவிடும்.

தேதிக்கு வாக்கெடுப்பு வைத்ததில் இன்னொரு பிசகு. 1966 ஆவணியில் பிறந்தவருக்குப் பராபவ வருஷம். அறுபது வருஷச் சுற்று முடிந்து அதே பராபவ 2026இல் திரும்புகிறது. அதில் பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வருகிற நாளில் செய்வதுதான் வழக்கம். நட்சத்திரம் 27 நாளுக்கு ஒருமுறை சுற்றி வருவதால் ஒரே மாதத்தில் இரண்டு தடவை விழலாம். அப்போது எதை எடுப்பது என்று உங்கள் வீட்டுப் புரோகிதர் சொல்ல வேண்டும். இதை நான்கு சனிக்கிழமைகளைப் போட்டு வாக்குக்கு விட்டால் பெரியவர்கள் வாயடைத்துத்தான் போவார்கள். யாருக்கு எத்தனை ரூம், யார் ரயில், யார் கார் என்பதற்கு வாக்கெடுப்பு நன்றாக வேலை செய்யும்.

தாய்மாமா விஷயத்துக்கு உங்கள் ஷீட்டைத் திறந்து பாருங்கள். ‘அம்மாவுக்குப் பட்டுப்புடவை, அப்பாவுக்கு வேட்டி – பொறுப்பு: நான்’ என்று ஒரு வரி இருக்கும் என்பது என் ஊகம். பல குடும்பங்களில் அது அம்மாவின் பிறந்த வீட்டுச் சீர். நீங்கள் செலவை ஏற்றுக்கொண்டதாக நினைத்திருப்பீர்கள். அவர் தன் உரிமையை எடுத்துவிட்டதாகப் படித்திருப்பார். அந்த வரியை எடுத்துவிடுங்கள். அம்மா தன் அண்ணன் தம்பியிடம் ஒரு போன் பேசட்டும். நீங்கள் பேசினால் விளக்கம் மாதிரி இருக்கும்.

ஷீட்டைப் பணம் போடுபவர்களுக்கு மட்டும் காட்டுங்கள். ஒருவர் போட்ட 50,000க்குக் கீழே இன்னொருவரின் 5,000 நிற்பதை ஊரே பார்க்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் எழுத்துக் கணக்குக்குப் பஞ்சமா என்ன? மொய் நோட்டை விடவா? ஆனால் அது பீரோவுக்குள் கிடக்கும். திருப்பிச் செய்ய வேண்டிய நாளில் மட்டும் வெளியே வரும்.

உடன்பிறந்தவர்கள் செலவைச் சம பங்காக வெட்டுவதைவிட இனம் இனமாக எடுத்துக்கொள்வது சுலபம்: ஒருவர் சாப்பாடு, ஒருவர் மண்டபம், ஒருவர் ரூமும் வண்டியும். ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்சத் தொகையை முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை. சாப்பாட்டுக்குப் பேர் கிடைக்கும். வண்டிக்கும் தண்ணீர் கேனுக்கும் கிடைக்காது. கண்ணுக்குத் தெரியாத செலவெல்லாம் அக்கா தலையில் விழுந்தால் அடுத்த விசேஷம் வரைக்கும் அது பேச்சாக ஓடும். உடலுழைப்புக்கும் இதே கதைதான். அது பெரும்பாலும் மருமகள்கள் தலையில் விழும். விசேஷ வீடியோவில் அவர்கள் முகமே இருக்காது. காபி டம்ளர்தான் இருக்கும். பரிமாறவும் காபி கொடுக்கவும் இரண்டு ஆட்களைக் கூலிக்குப் போட்டுவிடுங்கள்.

தலைக்கணக்குக்கு வாட்ஸப்பை நம்பாதீர்கள். கட்டைவிரல் போட்டவர் நான்கு பேரோடு வருவார். ஒரே ஆள் போன் போட்டு எண்ணட்டும். ஒரு கிலோ அரிசிச் சோறு எட்டு முதல் பத்துப் பேர் சாப்பிடுவார்கள்; இருபது பேர் கூடுதலாக வந்தால் இரண்டு, இரண்டரைக் கிலோ, சமையல்காரர் பார்த்துக்கொள்வார். இனிப்பும் வடையும் எண்ணிப் போடுவது. இடிப்பது அங்கேதான்.

விசேஷத்தன்று கவனிக்க வேண்டிய இடம், கலச நீர் ஊற்றும் வரிசை. திருக்கடையூரில் முகூர்த்த நாளில் பல தம்பதிகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். புரோகிதருக்கு நேரம் கிடையாது. ‘அடுத்து யாரு?’ என்பார், கிட்டே நிற்பவர் சொம்பை வாங்கிவிடுவார். பெரியப்பா பின்னால் நின்றால் தீர்ந்தது. முறை தெரிந்த ஒருவரைக் கையில் பட்டியலோடு புரோகிதர் பக்கத்தில் நிறுத்துங்கள்.

பெரியப்பாவை மறுபடி குரூப்பில் சேர்க்காதீர்கள். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கிற மாதிரி அது. நேரில் போங்கள், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அண்ணன் தம்பிக்கு நடுவில் இது வரவே கூடாது. ‘குரூப்ல போடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்திருக்கணும் பெரியப்பா’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அக்காவுக்கு அமெரிக்க நேரம், அதனால்தான் என்று ஆரம்பித்தால் மன்னிப்பு வழக்காகிவிடும். பத்திரிகையில் அவர் பெயர் எங்கே வர வேண்டும் என்று அவரையே கேளுங்கள், அச்சுக்குப் போகும் முன் மாதிரியை அவரிடம் காட்டுங்கள்.

இந்த வரிசை ஆபீஸுக்கும் உதவும். பெர்லினில் ஒருவருடைய வேலை மாறப்போகிறது என்றால், பொதுவில் போடுவதற்கு முன் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அக்காவை இந்த ஞாயிறே கூப்பிடுங்கள். அங்கே கோடை நேரம் ஓடும்வரை நமக்கு இரவு 8 என்றால் அவளுக்குக் காலை 7.30. நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு அது 6.30 ஆகிவிடும்; அந்த நேரத்தில் யாரை எழுப்பிச் சமாதானம் பேசினாலும் எடுபடாது. ஆவணி என்பதால் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.